எச்சரிக்கை எண்ணும் கருவி: ஸ்கீமா இருக்கும்போது ஆவணம் எதற்கு?

ஜூன் 2, 2025 (கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி)

பேரிடர் எச்சரிக்கைகளை எண்ணித் தரும் கருவி ஒன்றை ஏஐ ஏஜென்ட்டுகளுக்காக, அதாவது கருவிகளைத் தானே அழைத்து வேலையை முடிக்கும் மென்பொருளுக்காக, செய்திருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டு வாரமாக அதற்கு ஆவணம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னீர்கள். எனக்குப் புரியவில்லை. படிக்கப் போவது மெஷின். உள்ளே என்ன போகும், வெளியே என்ன வரும் என்பது ஸ்கீமா என்கிற வடிவப் பட்டியலிலேயே இருக்கிறது. மாவட்டமும் தேதியும் கொடுத்தால் ஓர் எண் வரும். இதில் இரண்டு வாரம் எழுத என்ன இருக்கிறது?

ஜூன் 2, இரவு

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் எழுதியது ஒரே வரி: ‘மாவட்டமும் தேதியும் கொடுத்தால் எச்சரிக்கைப் புள்ளிவிவரம் தரும்.’ அதைப் படித்து ஓர் ஆள் குழம்பினால் எனக்குப் போன் போடுவார். ஏஜென்ட் போன் போடாது. நான் எழுதாமல் விட்டதைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டு கூசாமல் பதில் சொல்லிவிடும்.

நாளை உதாரணத்தோடு வருகிறேன். திருவொற்றியூரில் மின்சாரம் போய்விட்டது, கைப்பேசியில் 9 சதவீதம்தான் இருக்கிறது.

ஜூன் 3

கருவி எதை எண்ணுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம் செய்த சசேத் என்ற தளம் உண்டு. வானிலை, வெள்ளம், கடல் சீற்றம் என்று பல துறைகளின் எச்சரிக்கைகள் அங்கே கேப் (காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்) என்ற பொது வடிவத்தில் வரும். இன்று புழங்கும் பதிப்பு 1.2, ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு 2010-இல் வெளியிட்டது. யார் அனுப்பினார், எப்போது, இது புதிய செய்தியா, பழையதன் திருத்தமா, ரத்தா, எந்தப் பகுதிக்கு, எவ்வளவு கடுமை, எவ்வளவு அவசரம், எவ்வளவு உறுதி: எல்லாம் தனித்தனிப் பெட்டியில் வரும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அதைச் சேமித்து வைக்கிறோம். எம்சிபி (ஏஜென்ட்டுகள் வெளிக் கருவிகளை அழைப்பதற்கான பொது முறை) வழியாக ஏஜென்ட் எங்கள் கருவியை அழைத்து ‘இத்தனாம் தேதியிலிருந்து இத்தனாம் தேதி வரை எத்தனை’ என்று கேட்கலாம்.

‘கேப்’ என்பதை இடைவெளி என்றும் படிக்கலாம். கேப்பில் கிடா வெட்டுவது என்பார்களே, ஏஜென்ட் செய்வது அச்சு அசலாக அதுதான்.

உதாரணம். சோதனைக்காக நாங்களே ஒரு பொய்ப் புயலை எழுதிப் போட்டோம். முதல் செய்தி ஒன்று, அதைத் திருத்தி ஏழு, கடைசியில் ரத்து ஒன்று. ஆக 9 செய்திகள். ஒவ்வொன்றிலும் தமிழுக்கு ஒரு பகுதி, ஆங்கிலத்துக்கு ஒரு பகுதி. ஏஜென்ட்டிடம் ‘அந்த வாரம் எத்தனை எச்சரிக்கை’ என்று கேட்டோம். 18 என்றது. அதோடு நிற்காமல், ‘சென்னை அந்த வாரம் 18 ஆபத்துகளைச் சந்தித்தது’ என்று ஒரு பத்தியும் எழுதிக் கொடுத்தது.

புயல் ஒன்று. செய்தி ஒன்பது. மொழிப் பகுதி பதினெட்டு. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாதவரை மூன்றுமே சரியான விடைதான். ஸ்கீமா என்ன சொல்கிறது? ‘கவுன்ட்: முழு எண்.’ அவ்வளவுதான். 18-உம் முழு எண்தானே.

ஜூன் 3, பிற்பகல்

விட்டுப்போனது: ஒவ்வொரு திருத்தமும் புது அடையாள எண்ணோடு வரும். அது எந்தப் பழைய செய்தியைத் திருத்துகிறது என்பது ‘ரெஃபரன்சஸ்’ என்ற பெட்டியில் இருக்கும். அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால்தான் ஒன்பதும் ஒன்றாகும். அடையாள எண்ணை வைத்து மட்டும் இரட்டிப்பை நீக்கினால் ஒன்றும் நீங்காது. இது தெரிய எனக்கு மூன்று நாள் ஆனது. தெரிந்தவர்கள் சிரிக்கலாம்.

ஜூன் 5

‘ஸ்டேட்டஸ் என்ற பெட்டியில் ஆக்சுவல் என்று இருப்பதை மட்டும் எடுத்தால் சோதனைச் செய்தியெல்லாம் போய்விடுமே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், போய்விடும். இப்போது அதுதான் இயல்பு. முதல் பதிப்பில் அப்படி இல்லை.

அந்த வடிகட்டி ஏன் வேண்டும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் செல் பிராட்காஸ்ட் (ஒரு பகுதியின் கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை) சோதனை நடந்தபோது தங்கசாலை பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் அலறியது. கொய்யாப்பழம் விற்ற அம்மா கைப்பேசியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ‘ஒண்ணும் இல்லம்மா, டெஸ்டிங்’ என்று யாரோ சொன்ன பிறகும் எடுக்கவில்லை. தட்டு இறங்கியபடியே இருந்தது. அதையும் ஓர் எச்சரிக்கையாக எண்ணினால் அந்த அம்மாவின் கணக்குக்குச் சரி, எங்கள் கணக்குக்குத் தப்பு.

ஆனால் கேப்பில் சோதனைக்கு ‘டெஸ்ட்’, ஒத்திகைக்கு ‘எக்சர்சைஸ்’ என்று இரண்டு தனித்தனியாக உண்டு. போன மாதம் 7-ஆம் தேதி நாடு முழுக்க நடந்தது போன்ற ஒத்திகை பற்றி யாராவது கேட்டால், வடிகட்டியே இடைஞ்சல். ஆகவே வடிகட்டி இருக்கிறது என்றும், எப்படித் திறப்பது என்றும் ஆவணத்தில் எழுத வேண்டியதாயிற்று. இரண்டு வரி. அதற்கு ஒரு மாலை.

ஜூன் 7

ஊர்ப் பெயர் கூத்து.

‘எண்ணூருக்கு இந்த ஆண்டு எத்தனை எச்சரிக்கை’ என்று கேட்டால் கருவி பூஜ்யம் என்றது. எண்ணூர்க்காரர் யாரும் நம்ப மாட்டார். காரணம் சின்னது. வானிலை எச்சரிக்கை பெரும்பாலும் மாவட்டப் பெயரில் வருகிறது. பகுதி என்ற பெட்டியில் ‘சென்னை’ என்றுதான் இருக்கும், ‘எண்ணூர்’ என்று இருக்காது. கருவி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, இல்லை என்று கைவிரித்தது.

சரி, ஊரை மாவட்டத்தோடு இணைத்துவிடலாம் என்று ஓர் அட்டவணை போட்டோம். அங்கேதான் 2018 குறுக்கே வந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இலேயே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. ஆனால் மாவட்டம் என்ற கணக்கில் 2018 வரை திருவள்ளூர். அந்த ஆண்டு சென்னை மாவட்டத்தை விரித்தபோதுதான் நாங்கள் சென்னை மாவட்டக்காரர்கள் ஆனோம். எங்கள் தெரு ஓர் அங்குலமும் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்துவிட்டது. பழைய ஆண்டுகளின் மாவட்ட அறிவிப்புகளையும் சேர்த்து வரைபடம் போட்டால் சென்னைக்கு 2018-இல் ஒரு படி தெரியும். அது மழை போட்ட படி இல்லை. அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் மீஞ்சூரும் இன்னமும் திருவள்ளூர்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கணக்கு.

ஆங்கிலத்தில் திருவொற்றியூரை எழுதும்போது ஒருவர் ஒரு ‘எச்’ சேர்ப்பார், ஒருவர் ஓர் ‘ஆர்’ சேர்ப்பார், ஒருவர் இரண்டையும் சேர்ப்பார். தண்டையார்பேட்டையைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு ஒரு நல்ல விஷயம். கருவியில் துறைமுகக் கூண்டையும் சேர்த்துவிட்டேன். புயல் எச்சரிக்கைக் கூண்டு எந்தத் துறைமுகத்தில் எத்தனாம் எண் ஏற்றினார்கள் என்பதை வானிலை அறிவிப்புகளிலிருந்து தனியாகப் பதிந்து வைத்திருந்தோம். 1 முதல் 11 வரை. எண் கூடக் கூட அபாயம் கூடும். ஆகவே ஒரு பருவத்தின் சராசரிக் கூண்டு எண், உச்சக் கூண்டு எண் இரண்டையும் கருவி தரும். இரண்டு பருவங்களை ஒப்பிட இதைவிட எளிய அளவு கிடையாது. ஆவணத்தில் இரண்டே வரி. கொருக்குப்பேட்டை வாசகர் கவனிக்க.

ஜூன் 9

நேரம் பற்றி ஒரு குறிப்பு. கேப்பில் நேரத்தின் வாலில் ‘இசட்’ போடக்கூடாது என்றே விதி இருக்கிறது. யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்றால் கழித்தல் குறியோடு 00:00 என்று எழுத வேண்டும். நம் எச்சரிக்கைகள் கூட்டல் 05:30 என்ற வாலோடு வரும். எங்கள் சேமிப்பில் எல்லாவற்றையும் யுடிசி-க்கு மாற்றிவிட்டு நாள்வாரியாகப் பிரித்தோம். விளைவு, அதிகாலை 5:30-க்கு முன் வந்ததெல்லாம் முந்தைய நாளுக்குப் போய்விட்டது. மிக்ஜாம் புயல் சமயத்தில் 2023 டிசம்பர் 3 இரவும் 4 விடியலும் கண்ணை மூடாமல் கிடந்தவர்களிடம் ‘அது 3-ஆம் தேதி’ என்றால் அடிக்க வருவார்கள்.

மழைக்கு இன்னொரு நாள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30-க்கு முடியும். 4-ஆம் தேதி மழை என்று தாளில் வருவதில் 3-ஆம் தேதி காலை 8:30-க்குப் பிறகு பெய்ததும் சேர்ந்திருக்கும். எச்சரிக்கை ஒரு நாள், மழை ஒரு நாள், மெஷின் ஒரு நாள். மூன்றையும் ஒரே அட்டவணையில் ஒட்டிவிட்டு ‘எச்சரிக்கை தாமதமாக வந்தது’ என்று ஏஜென்ட் தீர்ப்பு எழுதும். அது எழுதிய தீர்ப்பு என்னிடம் இருக்கிறது. வாசகம் பிரமாதம்.

ஜூன் 10

ஜூன் 8-இல் எழுதியது தப்பு. அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும்.

காசிமேட்டில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஏப்ரல் 15-இலிருந்து விசைப்படகு கரையில். ஆள் வாசலில் வலையை விரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் சொன்னேன், ‘கூண்டு எண்ணுக்கு சராசரி போட்டிருக்கேன் பெரியப்பா. நாங்க எழுதின பொய் சீசனுக்கு நாலரை வருது.’

‘நாலரையா?’ என்றார். ‘நாலரைக்கு இன்னா கண்ணு ஏத்துவான்? கூம்பப் பாதியா அறுத்துத் தொங்க விடுவானா?’

பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கு. அந்த அமைப்புத்தான் எண். அவர் வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டு விரல் விட்டுச் சொன்னார். ஒன்றும் இரண்டும் தூரத்தில் நடப்பதற்கு. மூன்றும் நாலும் நம் துறைமுகத்துக்கு. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் அபாயம்தான். ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம், புயல் துறைமுகத்தை எந்தப் பக்கமாக விட்டுக் கரை கடக்கும் என்பது. ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலேயோ. எட்டு, ஒன்பது, பத்து அதே மூன்று கதைதான், புயல் இன்னும் கடுமை. அதாவது ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் புயல் வலுத்துவிட்டது என்று பொருள் இல்லை. அது வரும் பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நான் போட்ட சராசரி, இடதையும் வலதையும் கூட்டி இரண்டால் வகுத்தது.

‘பதினொண்ணு?’ என்றேன். எல்லாவற்றையும் விடப் பெரிசு அதுதான் என்று ஒரு நப்பாசை.

‘பதினொண்ணுன்னா வானிலை ஆபீஸோட தொடர்பே அத்துப்போச்சுன்னு அர்த்தம். புயல் பெரிசுன்னு இல்ல. சேதியே இல்ல, அதான் சேதி.’

நான் ‘உச்சக் கூண்டு எண்’ என்று ஒன்றை வைத்திருந்தேனே, அதில் 11 வந்தால் ஏஜென்ட் என்ன எழுதும்? ‘வரலாறு காணாத புயல்’ என்று எழுதும். உண்மையில் கம்பி அறுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சராசரியையும் உச்சத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது கூண்டு எண் என்பது பெயர், அளவு இல்லை. எந்தெந்த எண் எத்தனை முறை ஏறியது என்பதை மட்டும் தரும். எழுத்துச் சரமாக, ‘5’, ‘6’ என்று மேற்கோளுக்குள். முழு எண்ணாகக் கொடுத்தால் ஏஜென்ட்டுக்குக் கூட்டிப் பார்க்கக் கை அரிக்கும்.

ஜூன் 10, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. கடுமை என்ற பெட்டியிலும் இதே வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ட்ரீம், சிவியர், மாடரேட், மைனர், அன்நோன். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று எண் போட்டு வைத்திருந்தேன். ‘தெரியாது’ என்பதற்கு பூஜ்யம்! தெரியாத எச்சரிக்கை நாலு வந்தால் சராசரி இறங்கி ஊர் பத்திரமாகிவிடும்.

ஜூன் 11

நேற்றிரவு எழுதியதிலிருந்து பூஜ்யத்துக்கு வருகிறேன். இதைப் பேச எனக்குக் கொஞ்சம் கசப்பு.

2023 டிசம்பர் 26 இரவு. ஆழிப்பேரலை நினைவு நாள் முடிகிற நேரம். எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. சின்னம்மா வீடு பெரியகுப்பத்தில். அவருக்கு முதலில் வந்த எச்சரிக்கை மூக்கில் வந்தது, அடுத்தது தெருவில் யாரோ கதவைத் தட்டிக் கத்தியது. ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூச்சுத் திணறிப் பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன இரவு அது. இன்றும் கழிவறை கழுவும் திரவத்தின் நெடி வந்தால் சின்னம்மா சன்னலைத் திறந்துவிட்டு வாசலில் போய் நிற்பார்.

போன மாதம் சோதனையின்போது என் நண்பர் ஏஜென்ட்டிடம் சும்மா கேட்டுப் பார்த்தார்: ‘2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் ஏதாவது நடந்ததா?’ ஏஜென்ட் எங்கள் கருவியை அழைத்தது. எங்கள் சேமிப்பில் அப்போது வானிலை வகை மட்டும்தான். பூஜ்யம் என்று வந்தது. ஏஜென்ட் எழுதியது: ‘அன்றிரவு எண்ணூரில் குறிப்பிடத்தக்க அவசரநிலை எதுவும் பதிவாகவில்லை.’

கருவியில் பிழை இல்லை. எங்களிடம் அன்று வானிலை எச்சரிக்கை பூஜ்யம்தான். ஏஜென்ட் பொய் சொன்னது என்றும் சொல்ல மாட்டேன், அதற்குக் கிடைத்த ஒரே தாள் அது. அதில் ‘நான் வானிலை மட்டும்தான் பார்க்கிறேன்’ என்று எழுதாதது நான்.

ஆகவே இப்போது மூன்று விதமான ‘இல்லை’ உண்டு. எங்கள் பதிவு முழுதாக இருந்து, எச்சரிக்கை வராமல் இருந்தால் 0. அந்த நாளில் எங்கள் சேகரிப்பு வேலை செய்யவில்லை என்றால் வெற்று மதிப்பு, அதாவது நல், கூடவே காரணம். கேட்ட வகையே எங்களிடம் இல்லை என்றால் எண்ணே வராது, பிழைச் செய்தி வரும்: ‘இந்த வகை இந்தக் கருவியில் இல்லை. பூஜ்யம் என்று பொருள் கொள்ளாதே.’

நடுவில் இருக்கிற நல்-தான் பதினோராம் எண் கூண்டு. துறைமுகத்துக்காரர்கள் ஏஜென்ட்டெல்லாம் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அதற்கென்று தனியாக ஒரு கூண்டு செய்து வைத்துவிட்டார்கள். எங்கள் முதல் பதிப்பில் கம்பி அறுந்தாலும் பூஜ்யம்தான்.

ஜூன் 12

‘ஆவணத்தில் செய்யாதே செய்யாதே என்று எழுதினால் ஏஜென்ட் கேட்குமா?’ என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

பாதி கேட்கும். எங்கள் அனுபவம் இது, எல்லா ஏஐ மாடலுக்கும் பொருந்துமா என்று சண்டைக்கு வர வேண்டாம். ‘இப்போது அபாயம் உண்டா என்ற கேள்விக்கு இதை அழைக்காதே’ என்று எழுதினோம். அழைத்தது. ஏனென்றால் அதற்குப் போக வேறு இடம் சொல்லவில்லை. கதவில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதே’ என்று எழுதினால் போதுமா, கழிப்பறை எங்கே என்று அம்பு போட வேண்டாமா? ‘இப்போதைய எச்சரிக்கைக்கு பக்கத்துக் கருவியை அழை’ என்று அதன் பெயரோடு எழுதிய பிறகு பெரும்பாலும் அடங்கியது.

அதைவிடப் பலன் தந்தது பெயர் மாற்றம். வெறும் ‘கவுன்ட்’ என்றிருந்ததை ‘மெசேஜ் கவுன்ட்’, ‘ஈவன்ட் செயின் கவுன்ட்’ என்று இரண்டாக்கினோம். விளக்கத்தில் பத்து வரி எழுதியும் போகாத குழப்பம் பெயர் மாறியதும் போனது. எழுதுகிற ஆளுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

ஜூன் 13

சிரிக்க ஒன்று. கேப்பில் ஒரு பெட்டியின் பெயரே ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’. மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும் இடம். எங்கள் பழைய பதிப்பு எண்ணோடு சேர்த்து அந்த வாசகத்தையும் மாதிரிக்கு ஒன்று அனுப்பியது. ‘கடந்த இரண்டு ஆண்டுக் கணக்கைச் சுருக்கு’ என்று ஒருவர் கேட்டார். ஏஜென்ட் தன் அறிக்கையை இப்படித் தொடங்கியது: ‘உடனடியாக மேல் மாடிக்குச் செல்லவும்.’ பழைய வெள்ள எச்சரிக்கையின் வாசகம் அது. கேட்டவர் இருந்ததே இரண்டாவது மாடியில், வெளியே கத்திரி போயும் குறையாத வெயில்.

சிரித்துவிட்டு அன்றே அந்த வாசகத்தைப் புள்ளிவிவரக் கருவியிலிருந்து தூக்கிவிட்டோம். தரவுக்குள் ‘செய்’ என்று ஒரு வாக்கியம் இருந்தால் ஏஐ மாடல் அதைத் தனக்கோ கேட்பவருக்கோ வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. எண்ணிக்கை கேட்டவனுக்கு எண்ணிக்கை போதும்.

ஜூன் 14, காலை

கொருக்குப்பேட்டை வாசகர் மறுபடி வந்தார். ‘இத்தனையும் கருவி விளக்கத்தில் போட்டால் அது ஒரு கையேடு ஆகிவிடுமே. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் அதைச் சுமக்க வேண்டாமா?’

சரியான அடி. ஒத்துக்கொள்கிறேன். நேற்று எண்ணிப் பார்த்தபோது விளக்கம் இரண்டு பக்கம் ஓடியது. எச்சரிக்கை பற்றிக் கேட்காத உரையாடலிலும் அந்த இரண்டு பக்கமும் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதனால் பாதிக்கு மேல் வெட்டினேன். அழைப்பதற்கு முன் தெரிய வேண்டியது மட்டும் விளக்கத்தில். எண் கையில் வந்த பிறகு தெரிய வேண்டியது எண்ணோடு சேர்ந்து பதிலில்.

இப்போதைய விளக்கம் இவ்வளவுதான், அப்படியே போடுகிறேன்:

‘வெளியான எச்சரிக்கைச் செய்திகளை எண்ணும். நடந்த சம்பவங்களை எண்ணாது. கடந்த காலத்துக்கு மட்டும். இப்போது அபாயமா என்று அறிய பக்கத்துக் கருவி. பகுதி என்பது மாவட்டம். ஊர்ப் பெயர் தந்தால் அந்தத் தேதியில் அது இருந்த மாவட்டமாக மாற்றும். நாள் என்பது இந்திய நேர நள்ளிரவு முதல் நள்ளிரவு. சோதனையும் ஒத்திகையும் சேராது. வேண்டுமானால் கேட்க வேண்டும். வெற்று மதிப்பு பூஜ்யம் அல்ல.’

பதிலில் வருபவை: எண்ணிய கால வரம்பு நேர வாலோடு, மாற்றிய மாவட்டப் பெயர், எந்தெந்த வகைகள் எண்ணப்பட்டன, எந்தெந்த நாள் எங்கள் பதிவில் இல்லை. ஏஜென்ட் தன் பதிலை எழுதும்போது இவை கண் முன்னால் இருக்கின்றன. டிசம்பர் 26 கேள்வியை மறுபடி போட்டோம். ‘என்னிடம் இருப்பது வானிலை எச்சரிக்கைகள் மட்டும்; தொழிற்சாலை விபத்து பற்றி இதை வைத்துச் சொல்ல முடியாது’ என்று வந்தது. மூன்று முறை கேட்டோம், மூன்று முறையும். நாலாவது முறை கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

ஜூன் 14, மாலை

நாலாவது முறை கேட்டேன். அதே பதில்தான். ஆனால் ‘எண்ணூர், திருவள்ளூர் மாவட்டம்’ என்று எழுதியிருந்தது. 2023-க்கு அது தப்பு. அட்டவணையில் 2018 என்ற வரியை ஒரு நிரலில் மட்டும் திருத்தி, இன்னொன்றை விட்டிருக்கிறேன். இன்னும் யாருக்காவது ஆவணம் எதற்கு என்ற சந்தேகம் இருந்தால், ஆவணத்தை எழுதிய ஆளே அதைப் படிப்பதில்லை.

திருத்தியாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. காசிமேட்டில் ஐஸ் கட்டி ஏற்றும் சத்தம், டீசல் நெடி, ஒரே திருவிழா. பெரியப்பாவை வழியனுப்பப் போயிருந்தேன். கைப்பேசியில் ஏஜென்ட்டைத் திறந்து, வழக்கமாக ஜூன் பாதியில் எத்தனை எச்சரிக்கை வருகிறது என்று கேட்டுக் காட்டினேன். எண் வந்தது, கால வரம்போடு, கீழே ‘இரண்டு நாள் பதிவு இல்லை’ என்ற வரியோடு. அவர் கண்ணாடி போடாமல் கைப்பேசியைத் தூரமாகப் பிடித்து அந்தக் கடைசி வரியை மட்டும் படித்தார்.

‘அந்த ரெண்டு நாளும் பதினொண்ணு ஏத்திக்கிறே’ என்றார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூண்டு ஏதும் ஏறியிருக்கிறதா என்று துறைமுகத்தில் தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, படகில் ஏறினார்.